பெயர் அட்டை

டெர்மினேட்டர் இல்லை. அது கேபிள் முனையில் மாட்டுகிறது, கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும், அதற்கு அட்டை எழுதி வைத்தாயிற்று. ஹப்பும் இல்லை, எல்லாக் கம்ப்யூட்டரின் கேபிளையும் செருகுகிற ஹப்புக்கு முகம் முழுக்க வாய், வரிசையாக, சீப்புப் பல் மாதிரி. சீப்பு என்றதும் பியூலாவின் மனசு ஒரு தரம் இடறியது. அதைத் தாண்டிப் போனாள். மோடமா என்றால் மோடத்துக்குப் பின்னால் டெலிபோன் வயர் செருகுகிற சதுர ஓட்டை வேண்டும், இதற்கு அது இல்லை, அதற்குப் பதிலாக ரெண்டு திருகாணி, பழைய ரேடியோவுக்குப் பின்னால் ஏரியல் கம்பியைச் சுற்றி முறுக்குவோமே அந்த மாதிரி. டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு சாம்பல் நிறத் தகரப் பெட்டி. முன்னால் நாலு விளக்கு, பின்னால் ஊசி ஊசியாகத் துளை போட்ட ஓர் அகலமான வாய், ஓரத்தில் திருகுகிற ஒரு குமிழ், அடியில் பெயர் ஒட்டியிருந்த இடத்தில் பசை காய்ந்து அதன்மேல் தூசி படிந்து பொருக்கு மாதிரி நின்றது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பசைதான் வந்தது. காலையிலிருந்து இந்த ஸ்டோர் ரூமில் நின்றுகொண்டு, கல்லூரியின் முப்பதாவது ஆண்டு விழாக் கண்காட்சிக்காக மேசைமேல் பரப்பிய பழைய சாமான்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் அட்டை எழுதிக்கொண்டிருந்தாள். கறுப்புக் கேபிளைத் தொட்டதுமே கை எழுதியது, டி-கனெக்டரை எடுத்ததுமே எழுதியது, அதில் ஒன்று கழன்றால் லேபில் உள்ள அத்தனை கம்ப்யூட்டரும் ஒரே மூச்சில் செத்துப்போகும், எந்த இடத்தில் கழன்றது என்று கண்டுபிடிக்க மேசை மேசையாகக் குனிந்து முட்டியில் நடந்த நாட்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன. எல்லாம் வந்தது. இது ஒன்று வரவில்லை. இது என்ன செய்யும் என்று தெரியும், எங்கே இருந்தது என்று தெரியும், மெயின் பிளாக்கில் லேபின் சன்னல் பக்கம் மர ஸ்டாண்டின்மேல் இருந்தது, இதன் ஜோடி மைதானத்துக்கு அந்தப் பக்கம் லைப்ரரியில் இருந்தது, நடுவில் கம்பம் கம்பமாக ஒரு ஜோடி டெலிபோன் கம்பி போயிற்று, அந்தக் கம்பி வழியாகத்தான் லைப்ரரியில் இருந்த ஒற்றைக் கம்ப்யூட்டர் லேபோடு பேசியது. இத்தனையும் தெரிந்து பெயர் மட்டும் இல்லை. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டுகிறது, ஏதோ ஓர் எழுத்து புறப்படுகிறது, ட-வா ல-வா, பிடிக்கப் போனால் நழுவுகிறது, குளத்தில் சோப்புக் கட்டியைத் தேடுகிற மாதிரி.

வெளியே மழை ஓய்ந்து ரப்பர் தோட்டத்துப் பக்கமிருந்து ரப்பர்ப்பால் ஷீட் காய்கிற வாடை வந்தது. அந்த வாடைக்குப் பெயர் வேண்டாம், மூக்குக்கே தெரியும். அப்படியானால் மூளையில் எல்லாமே கெட்டுவிடவில்லை என்று நினைத்தாள், நினைத்ததும் கோபம் வந்தது, கெட்டுவிடவில்லை என்று யாருக்குச் சமாதானம், யார் இப்போது கெட்டது என்று சொன்னது. கண்காட்சிப் பொறுப்பிலிருந்த அஜின் வாசலில் எட்டிப் பார்த்தது அந்த நேரம்தான். நல்ல பையன், சேர்ந்து நாலைந்து வருஷம் இருக்கும், நெட்வொர்க் பாடம் எடுக்கிறான், ஆனால் கேபிளே இல்லாத காலத்து நெட்வொர்க். முடிந்ததா மேடம் என்று கேட்டான். ஒன்று பாக்கி என்றாள். அவன் உள்ளே வந்து செல்போனைப் பெட்டிக்கு நேராகப் பிடித்துப் படம் எடுத்து, அதையே தேடச் சொல்லி, வந்த விடையைக் காட்டினான். கார் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் என்று வந்திருந்தது. திருப்பி வைத்து எடுத்தான். வீட்டு இன்வெர்ட்டர் என்றது. இன்னொரு தரம் எடுத்தான், மீன் தொட்டிக்குக் காற்று அடிக்கிற பம்ப் என்றது. அவன் சிரித்தான், அவளும் சிரித்து வைத்தாள், உள்ளுக்குள் அந்த மீன் தொட்டி பம்ப் அவளைக் குத்தியது, உலகத்திலுள்ள அத்தனை படத்தையும் பார்த்த இயந்திரத்துக்கே தெரியவில்லை என்றால் எனக்குத் தெரியாததில் என்ன என்று ஒரு நொடி ஆறுதலாக இருந்தது, அடுத்த நொடி, அந்த இயந்திரம் இதைக் கையால் தொட்டதில்லை, நான் தொட்டிருக்கிறேன், துடைத்திருக்கிறேன், மழைக்காலத்தில் இதன்மேல் பிளாஸ்டிக் பை போட்டு மூடியிருக்கிறேன். பேசாம பழைய மோடம்னு எழுதிருங்க மேடம், யாருக்குத் தெரியப்போகுது என்றான் அஜின். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இருந்தும் அவளுக்குப் பேனாவை எறியத் தோன்றியது. மோடம் இல்லை என்று தெரிந்துகொண்டே மோடம் என்று எப்படி எழுதுவது. தெரியாததைத் தெரிந்த பெயரால் கூப்பிட்டுச் சமாளிக்கிற வேலை எப்படி ஆரம்பிக்கும், எங்கே போய் முடியும் என்று அவனுக்கு என்ன தெரியும். கொஞ்ச நேரம் குடுங்க என்றாள். குரல் நினைத்ததைவிட உரத்து வந்துவிட்டது. சரி மேடம், கெஸ்ட் எல்லாம் சாப்பாட்டுக்கு முன்னாடி வந்திருவாங்க என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

அக்கா அப்படித்தான் ஆரம்பித்தாள். வேண்டாம் என்றாலும் மனசு அங்கேதான் போகும், காலையிலிருந்து அங்கே போகத்தான் சந்து தேடுகிறது. ஞானசெல்வம், கூடப்பிறந்த அக்கா, பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், வாய்ப்பாட்டில் யாரையும் விடமாட்டாள், பியூலாவைவிட ஆறேழு வயது மூத்தவள். ஓய்வு பெற்ற மறு வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குக் கிளம்பும்போது, கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு, பியூலா அதை எடு என்றாள். எதை என்றால், அதான், தலையில இழுக்கது. சீப்பு. பியூலா எடுத்துக் கொடுத்தாள், ரெண்டு பேரும் சிரித்தார்கள், வயசாகுதுல்லா என்றாள் அக்கா. பிறகு பூட்டு போயிற்று, கதவுல தொங்குமே என்றாள். பிறகு தம்ளர், தண்ணி ஊத்தி வைக்கது. பிறகு குடை. மழைக்குள்ளது. ஒவ்வொரு சாமானும் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு வேலையை மட்டும் உடுத்திக்கொண்டு வந்து நின்றது. அக்கா அதில் கெட்டிக்காரி, கணக்கு டீச்சர் இல்லையா, சுற்றி வளைத்துச் சொல்லி விடையைக் கொண்டுவந்துவிடுவாள், அதனாலேயே ரொம்ப நாள் யாருக்கும் தெரியவில்லை. திருவனந்தபுரத்து டாக்டர்தான் சொன்னார், சிலருக்கு முதலில் பெயர் போகும், அது என்னத்துக்கு என்பது அப்புறம்தான் போகும் என்று. அப்போது அக்காவுக்காக அழுதாள். இப்போது அந்த வாக்கியத்தை எடுத்துத் தன்மேல் போட்டு அளவு பார்க்கிறாள், யாரோ தைத்த ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்கிற மாதிரி, தோளில் பிடிக்கிறதா, கையில் தொளதொளவென்று இருக்கிறதா. ரெண்டு கட்டடத்தைச் சேர்க்கது. கம்பி வழியா பேச வைக்கது. சொல்லிப் பார்த்தாள், வாய்விட்டு. குரல் அக்கா குரலாகக் கேட்டது. உடனே பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போய் நின்றாள்.

இல்லை, இது வேறு. முப்பது வருஷத்துக்கு முந்தின சாமான், ஒருவருக்கும் வேண்டாத சாமான், இதன் பெயர் மறந்தால் அது நோயா. மனசுத் தராசின் அந்தத் தட்டில் அதை வைத்தாள். இந்தத் தட்டில் தானாக வந்து ஏறின சாமான்கள்: போன வாரம் வகுப்பில் முன் பெஞ்சுப் பெண்ணைப் பார்த்து நீ சொல்லும்மா என்றது, அந்தப் பெண்ணின் பெயர் ஒரு வருஷமாகத் தெரியும், பஸ்ஸில் தக்கலை வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருந்தது, கண்டக்டர் கேட்டதும் தூக்கம் என்று பொய் சொன்னது, அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனது, அது யாருக்கும் நடக்கும், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் மகன் இருக்கிற ஊரின் பெயரைச் சொல்லப்போய், வெளிநாட்டுலதான் என்று முடித்துக்கொண்டது, அது யாருக்கும் நடக்காது. கணவன் தனசிங்கிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவர் உடனே டாக்டரிடம் கூட்டிப்போவார், டாக்டர் ஒரு பெயர் சொல்லுவார். அந்த ஒரு பெயரை மட்டும் மறக்க முடியாது. அதனால் தினமும் காலை பஸ்ஸில் தனக்குத்தானே பரீட்சை வைத்தாள், ஸ்டாப் ஸ்டாப்பாகச் சொல்லி, அது சலித்த பிறகு பழைய லேபில் இருந்த சாமான் சாமானாகச் சொல்லி. பழையது கெட்டியாக நிற்கும், புதுசுதான் உதிரும் என்று எங்கேயோ படித்திருந்தாள், அக்காவுக்கும் அப்படித்தான், நேற்றைய சோறு தெரியாது, ஆறாம் வகுப்பு வாய்ப்பாடு தெரியும். ஆக, இது பழசு. இது நிற்க வேண்டும். பழசே நிற்கவில்லை என்றால். அதற்கு மேல் அந்த நினைப்பை நீட்டாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

அடியிலிருந்த நாலு திருகையும் கழற்றினாள், ஒன்று துருப்பிடித்து வரமாட்டேன் என்றது, மணிக்கட்டை நெஞ்சோடு வைத்து முறுக்கியதும் பட்டென்று விட்டுக்கொடுத்தது. மூடியைத் திறந்ததும் உள்ளேயிருந்து பழைய தகரமும் பிசினும் கலந்த சூடில்லாத ஒரு வாடை. உள்ளே ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுச் சொன்னாள், மின்மாற்றி, கெப்பாசிட்டர், இது ரெசிஸ்டர், கறுப்புக் கட்டையாக உட்கார்ந்திருப்பது ரிலே, இது ஐ.சி. பிழையில்லாமல் வந்தன, ஒன்றும் தப்பவில்லை. அந்த மகிழ்ச்சியில் மூடியைப் போட்டு முழுசாகப் பார்த்தால் முழுசுக்குப் பெயர் இல்லை. கையும் காலும் கண்ணும் மூக்கும் தெரிகிறது, ஆள் யாரென்று தெரியவில்லை. எரிச்சலில் பெட்டியை மேசைமேல் தட்டினாள், சின்னப் பிள்ளையின் முதுகில் தட்டிச் சளியை எடுக்கிற மாதிரி, பெயர் கீழே விழும் என்கிற மாதிரி. தட்டியதில் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த அட்டைகள் சரிந்தன. குனிந்து பொறுக்கினாள். அவள் கையெழுத்தில் அவளுக்குத் தெரிந்த பெயர்கள். எழுதாத அட்டை ஒன்று நடுவில் வெள்ளையாக.

கிளாட்ஸ்டனிடம் கேட்கலாம். இது காலையிலேயே தோன்றிய வழிதான், தோன்றியதும் மூடி வைத்த வழி. லேபில் அவளோடு சேர்ந்து கேபிள் இழுத்தவன், இவளுக்குத் தம்பி முறை மாதிரி பழகினவன், இந்தப் பெட்டியை மாட்டினபோது லைப்ரரி மாடியில் நின்றவன், பிறகு பெங்களூருக்குப் போய்விட்டான், கம்பெனியில் பெரிய ஆள். அவனுக்கு இதெல்லாம் நுனிநாக்கில் இருக்கும், அதுதான் தொந்தரவு. என்ன கேட்டாலும், நான் அன்னைக்கே சொன்னேன்லாக்கா என்று ஆரம்பிப்பான். அது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. அவனுக்கு அவளைத் தெரியும். பியூலாக்காவுக்கு மறதியே கிடையாது, லேபில் ஒவ்வொரு கம்ப்யூட்டரோட ஐ.பி. நம்பரும் மனப்பாடம் என்று அந்தக் காலத்தில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தவன் அவன். போன கிறிஸ்துமஸுக்கு அவன் போன் பண்ணினபோது பேச்சு முழுக்கப் பொண்ணு எப்படி இருக்கா, பொண்ணு படிக்காளா என்று கேட்டுக் கேட்டு ஓட்டினாள், அந்தப் பெண்ணுக்கு ஞானஸ்நானத் தாயாக நின்றவள் இவள். அவன் ஒருமுறைகூட மகள் பெயரைத் தன் வாயால் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் பிடித்துக்கொண்டிருப்பாள். அவன் கவனித்தானா இல்லையா என்று அன்றைக்கு முழுக்க யோசித்தாள், கேக் வெட்டும்போதும் யோசித்தாள். இன்றைக்கு ஒரு பெட்டியின் பெயருக்காக அவனைக் கூப்பிட்டால் அவன் மனசுக்குள் அன்றையதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பான். வைக்கட்டும். வைக்கமாட்டான். ஆண்பிள்ளைகள் இதையெல்லாம் கவனிக்கமாட்டார்கள். போனை எடுத்தாள், வைத்தாள். வாசலில் அஜினின் செருப்புச் சத்தம் வந்து, நின்று, திரும்பிப் போயிற்று. அந்தச் சத்தத்தில் இருந்த மரியாதைதான் அவளை உசுப்பியது. ஐயோ பாவம் என்று ஒருவர் மெதுவாக நடக்கிற சத்தம் அவளுக்குத் தெரியும், அக்கா வீட்டில் அவளே அப்படி நடந்திருக்கிறாள். போனை எடுத்து அழுத்தினாள்.

சொல்லுங்கக்கா, சொகமா இருக்கியளா என்று கேட்டான், பின்னால் வண்டிகளின் இரைச்சல். கண்காட்சி விஷயத்தைச் சொன்னாள். எங்கேயும் தட்டாமல், சிரிப்பும் வேடிக்கையுமாக, சும்மா ஒன்றைச் சரிபார்த்துக்கொள்கிறவள் மாதிரி. பெட்டியை வர்ணித்தாள். அவள் திருகாணிகளைச் சொல்லி முடிக்குமுன்பே அவன் சொல்லிவிட்டான், லைன் டிரைவர்லாக்கா அது. லைன் டிரைவர். அந்தச் சொல் காதில் விழுந்ததும் உடம்பு முழுக்க ஒரு தளர்வு. பெட்டியும் பெயரும் டக்கென்று ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன, ல-தான், முதல் எழுத்து ல-தான், அவள் நாக்கு சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் தானாகவே வந்திருக்கும். ஆமா ஆமா, லைன் டிரைவர் என்று ரெண்டு தரம் சொன்னாள். கண்ணில் தண்ணீர் நின்றது. எல்லாருக்கும் வருகிற மறதி இது, வெறும் மறதி. அட்டையை இழுத்து லை என்று எழுதவும் ஆரம்பித்தாள். அப்போது அவன் சொன்னான், "ஆனா லைன் டிரைவர்னு நாம எங்கக்கா கூப்பிட்டோம்? கெவுளின்னுதான கூப்பிடுவோம்."

கெவுளி. பல்லியை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். பேனா அங்கேயே நின்றது. அவள் முகம் தெரியாததால் அவன் அதே குஷியில் சொல்லிக்கொண்டே போனான். லைன் அறுந்துபோகப் போகிறது என்றால் உள்ளே அந்த ரிலே டிக் டிக்கென்று அடிக்குமாம், சுவரில் பல்லி சொல்கிற மாதிரியே இருக்குமாம். லைப்ரரிக்கு இன்டர்நெட் கொடுக்கிற திறப்பு விழா அன்றைக்குச் சென்னையிலிருந்து பெரிய மனிதர்களெல்லாம் வந்து லேபில் பெட்டியைச் சுற்றி நிற்கிறார்கள், ஹெச்.ஓ.டி. இமானுவேல் சார் வியர்க்க வியர்க்க இங்கிலீஷில் விளக்குகிறார், பெட்டி டிக் டிக்கென்று அடிக்கிறது. உடனே பின்னாலிருந்து ஒரு குரல், கெவுளி சொல்லுது சார், லைன் போகப்போகுது. சொன்ன நிமிஷம் லைன் போயிற்று. சென்னைக்காரர் ஒருவர் சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறிவிட்டதாம். அன்றிலிருந்து ஹெச்.ஓ.டி.யே கெவுளி என்றுதான் சொன்னாராம், ஆபீசுக்கு எழுதின கடிதத்திலேயே கெவுளி ரிப்பேர் என்று எழுதிவிட்டாராம். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பியூலாவும் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். அதற்குப் பழகின வாய், மற்றவர்கள் சிரிக்கும் இடத்தில் தானாகத் திறந்துகொள்ளும். அந்த அறையைத் தேடினாள். சன்னல் தெரிந்தது, மர ஸ்டாண்ட் தெரிந்தது, பெட்டியும் தெரிந்தது, ஆனால் ஆட்கள் இல்லை, சத்தம் இல்லை, டிக் டிக் இல்லை. மங்கலாக இருந்தால்கூடப் பரவாயில்லை, துடைத்துப் பார்க்கலாம். வெள்ளையடித்த சுவர் மாதிரி சுத்தமாக இருந்தது.

"யாரு அப்படிச் சொன்னது?" என்று கேட்டாள்.

"நீங்கதானக்கா. பேரு வச்சதே நீங்கதான?"

யாரோ ஒரு பெண்ணைப் பற்றி அவன் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்றுதான் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தாள். பயமில்லாத, பெரிய மனிதர்களுக்கு முன்னால் வாய்த்துடுக்காகப் பேசுகிற ஒரு பெண். அவளைப் பிடித்துப்போய்விட்டது, யாரென்று கேட்கத் தோன்றியதும் அதனால்தான். இப்போது ஆமா, நான்தான, அந்தக் காலத்துல என்னா வாய் எனக்கு என்று சொன்னால் போதும். அவன் இன்னும் கொஞ்சம் சிரிப்பான், வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லச் சொல்லுவான், அவள் லைன் டிரைவர் என்று அட்டையில் எழுதி முடிப்பாள், கெஸ்ட் வருவார்கள், சாப்பாடு. வார்த்தைகள் வாயில் தயாராக நின்றன. அக்காவும் இப்படித்தான் எத்தனை பேரோடு சிரித்திருப்பாள், எத்தனை வருஷம், தனியாக.

"கிளாட்ஸ்டன்," என்றாள், "எனக்கு அது ஒண்ணுமே ஞாபகம் இல்ல."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. பழைய கதைலாக்கா, யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும் என்பான் என்று எதிர்பார்த்தாள். அப்படிச் சொல்லியிருந்தால் அவளும் அதில் ஏறிக்கொண்டு கரை சேர்ந்திருப்பாள். அவன் அப்படிச் சொல்லவில்லை. வண்டிகளின் இரைச்சல் குறைந்தது, எங்கேயோ ஓரமாகப் போய் நின்றுகொண்டான் போல.

"எவ்வளவு நாளாக்கா?" என்று கேட்டான்.

கவனித்திருக்கிறான். வாசலில் அஜின் வந்து நின்று, கெஸ்ட் கேட்டுக்கு வந்துட்டாங்க மேடம் என்றான், தயங்கித் தயங்கி. அவனுக்கு முகத்தைக் காட்டாமல் பெட்டியைக் கைநீட்டிக் காண்பித்து, லைன் டிரைவர், நீங்களே எழுதிக்கிடுங்க என்றாள். அவன் பெட்டியையும் அட்டைகளையும் தட்டில் அடுக்கி எடுத்துப் போகும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கத்திலும் அவசரம் இல்லை. கதவைச் சாத்தினாள். வெறும் மேசையின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"போன வருஷம் சித்திரை மாசத்துல இருந்துன்னு நினைக்கேன்," என்றாள். "வீட்டுல அத்தானுக்குத் தெரியாது. உனக்குத்தான் மொதல்ல சொல்லுதேன்."